எட்டு ஓம் ஜோடி

பிரிவது என்று முடிவான பிறகு அவர்கள் இரண்டு பேரும் வாக்குவாதம் செய்தது ஸ்பீக்கருக்காக மட்டும்தான். அதுவும் எனக்குத்தான் வேண்டும் என்கிற வாக்குவாதம் இல்லை. "நீயே வச்சுக்கோ" என்றான் அவன். "கணக்குப் போட்டது நீ, நீ கொண்டு போ" என்றாள் அவள். கட்டில், பீரோ, பாத்திரம், மெத்தை எல்லாம் பேச்சுமூச்சில்லாமல் பிரிந்துபோயிருந்தன. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதில் பிடிவாதமாக நின்றார்கள். கீழே சாமான் வண்டிக்காரர் பொறுமை இழந்து ஹாரன் அடிக்க, கடைசியில் ஆளுக்கொன்று என்று ஆயிற்று. வலது பக்கத்துப் பெட்டி அவனோடு போனது. இடது பக்கத்துப் பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் அவளிடம் தங்கின.

ஜோடிச் செருப்பில் ஒன்றை மட்டும் கொடுத்தனுப்பின மாதிரி ஆகிவிட்டதே என்று வண்டி தெருமுனை திரும்பும்போது அவளுக்குத் தோன்றியது. ஆனால் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கட்டி முடியாத கட்டிடங்களில் வெறும் குழியாக இருக்கும் இடத்தில் கம்பமும் கயிறும் மோட்டாரும் பொருத்தி ஓட விடுகிறவன். அவள் பல் ஆய்வுக்கூடத்தில் பீங்கான் பல் செய்கிறவள். பக்கத்துப் பல்லோடு சேர்ந்து நின்றால் எது செய்தது, எது முளைத்தது என்று வாய்க்குச் சொந்தக்காரருக்கே சந்தேகம் வரவேண்டும். அந்த அளவுக்கு நிறம் கலப்பாள். இரண்டு பேருக்கும் கை சும்மா இருந்தால் பேச வராது. அதனால் கல்யாணமான புதிதில், பேசிக்கொண்டிருப்பதற்காகவே ஸ்பீக்கர் கட்ட ஆரம்பித்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

பெட்டிக்கு மரத்தை ஒரு தச்சர் அறுத்துக் கொடுத்தார். அவன் கணக்குப் போட்டுப் படம் வரைந்தான். செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிக் காயில் செய்வதும், ஈயம் உருக்கிப் பற்றவைப்பதும் அவள் வேலை. மெழுகில் பல் செதுக்கிய கைக்கு அது பெரிய காரியம் இல்லை.

"இது என்னத்துக்கு?" என்று ஒருநாள் காயிலைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள்.

"ஆம்ப்ல இருந்து எல்லாச் சத்தமும் கலந்துதான் வரும். கனமான சத்தம் கீழ இருக்கற பெரிய ஊஃபருக்குப் போகணும். மெல்லிசு மேல இருக்கற ட்வீட்டருக்குப் போகணும். காயில் கனத்த மட்டும் விடும், கெப்பாசிட்டர் மெல்லிச மட்டும் விடும். இது ரெண்டும் சேந்ததுதான் கிராஸோவர்."

"ஓகோ" என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றைச் சுற்றினாள். புரிந்துகொள்ள வேண்டும் என்ற அவசரம் அப்போது இல்லை. கேட்டால் சொல்ல ஆள் பக்கத்திலேயே இருந்தது.

கட்டி முடித்துப் பாட்டு போட்டபோது இரண்டு பேரும் வாயடைத்துப் போனார்கள். ஒரே ஒரு குறை, அடிச்சத்தம் கொஞ்சம் சப்பென்று இருந்தது. அறைதான் காரணம் என்றான் அவன். பீரோவை இந்தச் சுவரோரம் நகர்த்தினார்கள், பிறகு அந்தச் சுவரோரம் நகர்த்தினார்கள். கனமான திரை வாங்கித் தொங்கவிட்டார்கள். பீரோவைத் தள்ளியதில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "பாட்டு கேக்கறதுக்குத் தைலம் தேச்சுக்கற ஆளு உலகத்துல நாம மட்டும்தான்" என்றாள். அவன் தைலம் தேய்த்துவிட்டான். அடிச்சத்தம் அப்படியேதான் இருந்தது. பழகிப்போய்விட்டது.

பிறகு அவனுக்கு வேறு வேறு ஊர்களில் வேலை வந்தது. கட்டிடம் எங்கே உயர்கிறதோ அங்கே போக வேண்டும். வா என்றான். ஆய்வுக்கூடத்தில் பீங்கான் பிரிவை அவள் பொறுப்பில் விட்டிருந்த நேரம் அது. இரு என்றாள் அவள். அவன் மாதக்கணக்கில் வெளியூரில் இருந்தான். வருகிறபோதெல்லாம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் உபசாரம் செய்துகொண்டார்கள். சண்டை போட்டிருந்தால் எங்கேயாவது முட்டி நின்றிருக்கும். அவர்கள் போடவில்லை. ஒருவரை ஒருவர் வருத்தக்கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பேசி, கடைசியில் பேசவே ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அக்கா வீட்டு மாடி காலியாக இருந்தது. அவள் அங்கே வந்து சேர்ந்தாள்.

ஒற்றை ஸ்பீக்கரில் பாட்டு கேட்பது விசித்திரமாக இருந்தது. அவளுக்குப் பிடித்த ஜோடிப் பாட்டு ஒன்று உண்டு. அதில் பெண் குரலை இடது பக்கமும் ஆண் குரலை வலது பக்கமும் வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். இப்போது பெண் பாடுவது பளிச்சென்று கேட்டது. ஆண் பாடவேண்டிய இடத்தில் வெறும் எதிரொலி போல ஏதோ கேட்டது. பெண் கேள்வி கேட்பாள், பதில் வராது, அடுத்த கேள்வியைக் கேட்பாள். அவள் அந்தப் பாட்டைப் பாதியில் நிறுத்துவதில்லை. பதில் வராத இடங்களில் தானே மெல்ல அந்த வரியை முணுமுணுப்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் மாடிக்கு வந்த அத்தான் இதைக் கேட்டுவிட்டார். அத்தான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். உட்கார்ந்து பேசும்போதுகூட வலது கால் அவ்வப்போது இல்லாத பிரேக்கை மிதிக்கும். அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தால் அது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று அக்கா சொல்லுவாள்.

"ஏம்மா, பாதிப் பாட்டுதானே வருது?"

"ஒரு பக்கம்தானே இருக்கு, அத்தான்."

"அதுக்கென்ன? ஆம்ப் பின்னாடி ரெண்டு பக்கத்துக்கும் வயர் குத்தற இடம் இருக்கா? ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்து இந்த ஒரு ஸ்பீக்கர்லயே குடு. ரெண்டு ரோடும் ஒரே ரோட்ல கலக்குது. அவ்வளவுதான்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆண் குரல் வந்துவிடும் என்ற ஆசையில் அவள் அன்றே அதைச் செய்தாள். முதல் வரியில் இரண்டு குரலும் வந்தன. நான்கு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டதும் அவள் சத்தத்தைக் கூட்டினாள். சரணம் தொடங்கும்போது குரல் பிசிறடித்தது, தகரத்தைச் சுரண்டுவது போல ஒரு ஓசை வந்தது, ஆம்ப்ளிஃபயரின் முதுகிலிருந்து கருகல் வாடை கிளம்பியது. பிளக்கைப் பிடுங்குவதற்குள் எல்லாம் அடங்கிப்போயிருந்தது. அத்தானின் கால் பிரேக்கை மிதித்தபடியே இருந்தது.

ரேடியோ கடைக்காரர் ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றிப் பார்த்தார், கூடவே அவள் கொண்டுபோன ஸ்பீக்கரையும் சோதித்தார். "ரெண்டு அவுட்புட்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டீங்களா?"

"ஆமா."

"ரெண்டும் ஒண்ண ஒண்ணு பிடிச்சுத் தள்ளியிருக்கு. அதான் வெந்துடுச்சு. பரவால்ல, ஒரு பக்கத்து டிரான்சிஸ்டர்தான். மாத்திடறேன். ஆனா உங்க ட்வீட்டரும் போச்சு. ஆம்ப் சாகும்போது கத்தின கத்தல்ல அது எரிஞ்சுடுச்சு. புதுசு போடணும்னா இது எத்தனை ஓம் எதிர்ப்பு, கெப்பாசிட்டர் எவ்வளவுன்னு தெரியணும். எட்டுக்குப் பதிலா நாலு ஓம் போட்டா கிராஸோவர் பிரிக்கற இடமே மாறிடும். இதுல எழுதினதெல்லாம் அழிஞ்சு போயிருக்கு. கட்டினவர் யாரு?"

"தெரிஞ்சவர்தான். கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

அந்த எண்ணை அவள் போனிலிருந்து அழிக்கவில்லை, கூப்பிட்டதும் இல்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டாள். மணி அடிக்கும்போதே வைத்துவிடலாமா என்றிருந்தது.

"நான்தான். வேலையில இருக்கீங்களா?"

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற ஓசை கேட்டது. பிறகு, "என்ன, புதுசா 'இருக்கீங்களா'?" என்றான்.

"பழக்கம் விட்டுப்போச்சு."

"எது, நானா, 'நீ'யா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சட்டென்று 'நீ' வாயில் வரவில்லை. அந்தப் பேச்சு முழுவதும் நீ என்றும் சொல்லாமல் நீங்க என்றும் சொல்லாமல், "அந்த ட்வீட்டர் எத்தனை ஓம்னு ஞாபகம் இருக்குமா," "அதப் பாத்துச் சொல்ல முடியுமா" என்று வளைத்து வளைத்துப் பேசி ஒப்பேற்றினாள்.

"பாக்கறேன். இங்க இருக்கறதத் திறந்து பாத்தாப் போச்சு" என்றான் அவன்.

அப்படியானால் அவனிடம் அது இருக்கிறது. ஊர் ஊராக, அறை அறையாக, ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் ஒரு பயனும் இல்லாத அந்தக் கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திருப்புளி சுழலும் ஓசையைப் போனில் கேட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

"எட்டு ஓம். கெப்பாசிட்டர் ஆறு புள்ளி எட்டு மைக்ரோஃபாரட். நீ பத்தவச்ச இடம் இன்னும் பளபளன்னு இருக்கு" என்றான். பிறகு, "இனிமே ரெண்டு அவுட்புட்டையும் சேர்க்காத. ரெண்டு பக்கமும் ஒண்ணுல கேக்கணும்னா ஆம்புக்கு உள்ள போறதுக்கு முன்னாடி, பக்கத்துக்கொரு ரெசிஸ்டர் போட்டுக் கலக்கணும். வெளிய வந்தப்புறம் கலக்கக் கூடாது" என்றான்.

அடுத்த வாரமே கடைக்காரர் அதே மாதிரி ட்வீட்டர் வரவழைத்துக் கொடுத்தார். அவளே பற்றவைத்தாள். பாட்டு சுத்தமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"என்ன ஆச்சு? ட்வீட்டர் கிடைச்சுதா?"

கிடைத்தது என்று சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்தது. "இன்னும் வரலயாம். தேடிட்டிருக்கார்" என்றாள்.

இப்படித்தான் அது தொடங்கியது. கேட்பதற்கு ஏதாவது வேண்டுமே என்று அவள் ஒரு மல்டிமீட்டர் வாங்கினாள். நூலகத்தில் மின்சாரப் புத்தகங்களைப் புரட்டினாள். ஸ்பீக்கரில் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஆறு ஓம் சொச்சம் காட்டியது. உண்மையிலேயே கலங்கிப்போய் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சொன்னாள்.

"எட்டு ஓம்னு சொன்னே. ஆறுதான் காட்டுது. மிச்ச ரெண்டும் எரிஞ்சு போச்சா?" 'நீ' எப்போது திரும்பி வந்தது என்று அவள் கவனிக்கவில்லை.

அவன் சிரித்தான். "மீட்டர் நேர் கரண்ட்ல பாக்குது. கம்பியோட எதிர்ப்பு மட்டும்தான் அதுக்குத் தெரியும். பாட்டு அப்படி இல்லையே, முன்னும் பின்னும் ஆடிட்டே இருக்கும். ஆடற கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டற எதிர்ப்புதான் இம்பீடன்ஸ். அது ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும். ஒரு இடத்துல முப்பதுக்கு ஏறும், இன்னொரு இடத்துல ஆறரைக்கு இறங்கும். எட்டுன்னு எழுதறது ஒரு பேருக்கு."

"அப்போ எட்டாவே அது எப்பவும் இருக்காதா?"

"அந்த வழியாப் போகும்போது இருக்கும்."

அதற்கடுத்த வாரம், "இதே மாதிரி ரெண்டு ஸ்பீக்கர ஒரே பக்கத்துல குடுத்தா?" என்று கேட்டாள். பதில் அவளுக்குத் தெரியும், புத்தகத்தில் படித்திருந்தாள். அவன் சொல்லிக் கேட்கவேண்டும் போலிருந்தது.

"பக்கத்துல பக்கத்துல சேர்த்தா நாலு ஓம். ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா சேர்த்தா பதினாறு. நாலுங்கறது ஆம்புக்குச் சுமை. அது முதுகுல குறைஞ்சது ஆறுன்னு எழுதியிருக்கில்ல, அதுக்குக் கீழ போகக் கூடாது. லிஃப்ட்ல எழுதினதுக்கு மேல ஆள ஏத்தினா மணி அடிக்கும், நகராது. ஆம்ப் பாவம், மணியெல்லாம் அடிக்காது. இழுத்துப் பாத்துட்டுத்தான் சாகும்."

ஆய்வுக்கூடத்தில் அவளோடு வேலை செய்கிறவர்கள், நீ இப்போதெல்லாம் வேலை செய்யும்போது பாடுகிறாய் என்றார்கள். திங்கட்கிழமையிலிருந்தே அடுத்த கேள்வியை யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். முட்டாள்தனமாகவும் இருக்கக்கூடாது, ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிற மாதிரியும் இருக்கக்கூடாது. பீங்கான் பொடியைக் குழைத்துக்கொண்டே அப்படி ஒரு கேள்வியைச் செதுக்குவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா கீழிருந்து கூப்பிட்டால், "அப்புறம் வரேன்" என்பாள். அக்காவுக்கு விஷயம் புரியாமல் இல்லை. "உன் ஆளு என்ன சொல்றாரு?" என்று ஒருமுறை கேட்டாள். "கெப்பாசிட்டரப் பத்திப் பேசினோம்" என்றாள் தங்கை. "நல்லாப் பேசுங்க" என்றாள் அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன், "ட்வீட்டர் வரட்டும். அதுக்குள்ள ஊஃபர் நல்லா இருக்கான்னு பாத்துடு" என்றான். "கடிகாரத்துப் பேட்டரி ஒண்ணு எடு. ஆம்ப்ல இருந்து வயரக் கழட்டிட்டு, பிளஸ்ஸ சிவப்புலயும் மைனஸ்ஸ கறுப்புலயும் ஒரே ஒரு கணம் தொட்டு எடு. ஊஃபரோட காகிதக் கூம்பு எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு."

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தொட்டாள். "முன்னாடி வந்துச்சு. கீழ 'தம்'முன்னுச்சு, மேல 'டிக்'னுச்சு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து, "ஹலோ" என்றாள்.

"இருக்கேன்" என்றான். "இரு, இங்கயும் தொட்டுப் பாக்கறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த வாரம் அந்தப் பக்கம் வர வேண்டியிருக்கு. நேர்லயே பாத்துடலாம்" என்றான். குரல் என்னவோ போலிருந்தது.

அந்த வாரம் அவள் மாடியை இரண்டு முறை கழுவினாள். ட்வீட்டர் ஏற்கனவே வேலை செய்கிறது, வந்தால் பார்த்துவிடுவான் என்ற கவலை வேறு. ஒரு வயரை மட்டும் கழற்றி வைத்துவிடலாமா என்று திருப்புளியை எடுத்துக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். ஒழுங்காகப் பற்றவைத்த ஒன்றைப் பிரிக்க அவளுக்குக் கை வரவில்லை. கடைக்காரர் நேற்றுத்தான் கொடுத்தார் என்று சொல்லிவிடலாம் என முடிவு செய்தாள். அவன் எதற்கு வருகிறான் என்பதைப் பற்றி எதுவும் நினைக்கக்கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதைத் தவிர வேறு எதையும் அவள் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு வேன் வந்து நின்றது. அவன் இறங்கினான். காதோரம் நரைத்திருந்தது, கொஞ்சம் இளைத்திருந்தான். வேனின் பின்கதவைத் திறந்து, போர்வையில் சுற்றிய பெட்டியை இழுத்தான். அத்தான் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தார். மாடிப்படி முழுக்க, "லெஃப்ட்ல ஒடிச்சு வாங்க, மெதுவா, மெதுவா" என்று பாடம் நடத்திக்கொண்டே வந்தார். அக்கா அவரைக் கையோடு கீழே கூட்டிக்கொண்டு போனாள்.

அவன் உட்காரவில்லை. நேராகப் பெட்டியிடம் போனான். அவளுக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது.

"ஆம்ப் ஆஃப்ல இருக்கா?"

"ஆஃப்தான். பிளக்கும் பிடுங்கியாச்சு."

"வயரு ரெண்டும் ஒரே நீளமா?"

"ஒரே நீளம்." அவள் நேற்றே வெட்டி வைத்திருந்தாள். வலது பக்கத்துக்கும் சேர்த்து எதற்காக வெட்டினாள் என்று அவன் கேட்கவில்லை.

கம்பி நுனியை முறுக்கினான். "ஒரு மயிரிழை பிரிஞ்சு பக்கத்துக் கம்பியத் தொட்டாலும் போச்சு" என்றான். பிறகு சட்டைப்பையிலிருந்து பேட்டரி ஒன்றை எடுத்து, தான் கொண்டுவந்த பெட்டியில் தொட்டுக் காட்டினான். "பாத்தியா?"

கூம்பு உள்ளே போயிற்று. அவள் பேட்டரியை வாங்கித் தன் பெட்டியில் தொட்டாள். கூம்பு வெளியே வந்தது. மறுபடி அதில், மறுபடி இதில்.

"ஒண்ணு தலைகீழா இருக்கு" என்றாள்.

"ஆரம்பத்துல இருந்தே. உள்ள சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கு. ஒண்ணு காத்தத் தள்ளும்போது இன்னொண்ணு இழுத்திருக்கு. அடிச்சத்தம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுடுச்சு."

"அப்போ பீரோ?"

"பீரோ மேல தப்பே இல்ல."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"நான்தான் மாத்திப் பத்தவச்சிருக்கேன்" என்றாள்.

"வரைஞ்சது நான். படத்துலயே தப்பா இருந்திருக்கலாம்."

"இப்போ திறந்து சரி பண்ணணுமா?"

"வேண்டாம். வெளிய இந்த ரெண்டு வயரையும் இடம் மாத்திக் குத்தினாப் போதும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவனே மாற்றிக் குத்தினான். அவள் அந்த ஜோடிப் பாட்டைப் போட்டாள். இரண்டு பேரும் எதிர்ச்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்கள். முதல் தாளம் விழுந்தபோது தரை வழியாக அது முதுகில் ஏறியது. இந்தப் பாட்டில் இப்படி ஒரு அடிநாதம் ஓடுகிறது என்று அவளுக்கு இதுவரை தெரியாது. பெண் இடது பக்கம் நின்று கேட்டாள், ஆண் வலது பக்கம் நின்று பதில் சொன்னான். கடைசிச் சரணத்தில் இரண்டு பேரும் சேர்ந்து பாடுகிற இடம் வந்தது. அப்போது குரல் இரண்டு பெட்டியிலும் இல்லை. நடுவில், ஒன்றுமே இல்லாத வெறும் சுவரிலிருந்து வந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் ஏதாவது சொல்லிவிடுவோம் என்று பயமாக இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்றும் இருந்தது. இங்கேயே இரு என்பது இரண்டே வார்த்தை. அதை நாக்கில் வைத்துக்கொண்டு பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தாள்.

பாட்டு முடிந்தது. அவன்தான் முதலில் பேசினான்.

"எனக்கு அடுத்த மாசம் கல்யாணம்."

அவள் எழுந்து போய் ஆம்பை நிறுத்தினாள்.

"அவங்க பிசியோதெரபிஸ்ட். தோள்பட்டை பிடிச்சுக்கிட்டப்போ அங்க போனேன். ஒரு பொண்ணு இருக்கா அவங்களுக்கு, ஆறாவது படிக்கறா. ஒவ்வொரு வாரமும் உன்கிட்ட சொல்லணும்னுதான் போனை எடுப்பேன். நீ ஒரு கேள்வி கேப்ப. பதில் சொல்லி முடிக்கறப்போ, இது அடுத்த வாரம் ஆகட்டும்னு தோணும்."

"அவங்களுக்குப் பாட்டு பிடிக்குமா?"

"பிடிக்கும். போன்லயே கேட்டுக்குவாங்க. வீடும் சின்னது." அவன் பெட்டியைப் பார்த்தான். "வேற யாருக்கும் குடுக்க மனசு வரல. உன்கிட்ட இருக்கட்டும்."

அவள் தலையாட்டினாள். பிறகு, "நானும் ஒண்ணு சொல்லணும். இந்த ட்வீட்டர் நல்லாகி ரொம்ப நாள் ஆச்சு" என்றாள்.

"தெரியும்."

"எப்படி?"

"பேட்டரி வச்சப்போ மேல 'டிக்'னுச்சுன்னு சொன்னியே. எரிஞ்சு போன ட்வீட்டர் எப்படி டிக்குங்கும்?"

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்பேன்னு தெரியும். அதான் கேக்கல."

அவனுடைய கண் கலங்கியிருந்தது. அவளுடையதும்தான். நாக்கில் இருந்த இரண்டு வார்த்தையை அவள் விழுங்கினாள். ஆறாவது படிக்கிற அந்தப் பெண்ணை நினைத்ததால் விழுங்கினாளா, கேட்டு அவன் சங்கடப்படுவதைப் பார்க்க முடியாது என்பதால் விழுங்கினாளா என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறாள்.

அக்கா சாப்பிடச் சொன்னாள். வேலை இருக்கிறது என்றான். படியிறங்கும்போது திரும்பி, "வரேன்" என்றான். விடைபெறுகிற எல்லோரும் சொல்லுகிற சொல்தான். போகிறேன் என்று யாரும் சொல்லுவதில்லை என்பதால் அவனும் அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "சரி" என்றாள் அவள்.

அதன் பிறகு போன் வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லமுடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை வேறு அறையில் வைத்துவிட்டு வேலை பார்ப்பாள். பிறகு ஏதோ சாக்கில் அந்த அறைக்குப் போவாள். ஸ்பீக்கர் இரண்டின் மேலும் துணி போட்டு மூடி வைத்தாள். பாட்டு இப்போது முழுசாக வரும் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. ஒற்றையாக இருந்தவரை மற்றது அவனிடம் இருக்கிறது என்று அர்த்தம். இப்போது அவனிடம் ஒன்றும் இல்லை. அக்கா எதுவும் கேட்காமல் தினமும் மேலே வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். அத்தான், "ஏம்மா, இப்பதான் ரெண்டு இருக்கே, ஏன் சும்மா வச்சிருக்கே?" என்று கேட்க வாயெடுத்து, அக்கா பார்த்த பார்வையில் பிரேக் போட்டார்.

மழைக்காலம் முடிந்து வெயில் வந்தது. ஒருநாள் ரேடியோ கடைக்காரர் வழியில் பார்த்து, "ஸ்பீக்கர் எப்படி இருக்கு? புதுசா எதாவது கட்டறீங்களா?" என்று வெறும் மரியாதைக்குக் கேட்டார். கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று தெரியாது. சொன்ன பிறகு கட்ட வேண்டியதாயிற்று.

இந்த முறை படமும் அவளே வரைந்தாள். சத்தத்தை இரண்டாக அல்ல, மூன்றாகப் பிரிக்கிற கிராஸோவர். கனத்துக்கு ஒன்று, நடுக்குரலுக்கு ஒன்று, மெல்லிசுக்கு ஒன்று. கணக்குச் சரியாக வரும்வரை அழித்து அழித்துப் போட்டாள். காயில் சுற்றினாள். ஒரு பெட்டி முடிந்துவிட்டது. பற்றவைக்கும் முன் ஓர் இடத்தில் நின்றாள். இந்த மாதிரிக் கிராஸோவரில் நடு ஸ்பீக்கரை வேண்டுமென்றே தலைகீழாக இணைக்கச் சொல்லி ஒரு புத்தகத்தில் படம் இருந்தது. இன்னொரு புத்தகத்தில் நேராகவே இருந்தது. இரண்டிலும் காரணம் சொல்லவில்லை, அல்லது சொன்னது அவளுக்குப் புரியவில்லை.

நிஜமாகவே பதில் தெரியாத கேள்வி. அவள் போனை எடுத்தாள். அந்த எண் அங்கேதான் இருந்தது. இந்நேரம் அவன் வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அந்தச் சின்னப் பெண் பள்ளிக்கூடப் பாடம் எதையாவது அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவன் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பான். போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள்.

நடு ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் நேராகக் குத்தி, ஆம்பைப் போட்டு, ஒரு பெண் தனியாகப் பாடுகிற பாட்டின் முதல் வரியைக் கேட்டாள். ஆம்பை நிறுத்திவிட்டு வயரை மாற்றிக் குத்தினாள். அதே வரியைக் கேட்டாள். முதல் தடவை குரல் கொஞ்சம் பின்னால் போயிருந்ததா, இப்போதுதான் போயிருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. மறுபடி மாற்றினாள்.

"ஏண்டி, எத்தனை தடவை அதே வரி?" என்று கீழிருந்து அக்கா கத்தினாள்.

"எது நல்லா இருக்குன்னு தெரியல, அக்கா. நீயும் மேல வந்து கேளேன்."

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு படியேறி வரும் ஓசை கேட்டது. அவள் அக்காவுக்கு ஒரு நாற்காலியை இழுத்து, பெட்டிக்கு நேர் எதிரே போட்டாள்.